வாக்கர் பிடித்து நடக்கும் அம்மாவைக் காவிரிக் கரைக்கு அழைத்துப் போவது எப்படி?

உங்கள் கேள்வி இதுதான். தஞ்சாவூரில் ஒரு திருமணத்துக்கு வருகிறீர்கள். மறுநாள் பாதி நாள் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்து வாக்கர் பிடித்து நடக்கிறார். தூரம் கூடினால் சக்கர நாற்காலி வேண்டும். அவரோ, "காவிரிக் கரையில் கொஞ்சம் நடக்க வேண்டும், மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட வேண்டும், காலை நனைக்க வேண்டும்" என்று மூன்று ஆசைகளை வைத்திருக்கிறார். எங்கே போவது?

கல்லணைக்குப் போங்கள். நடைக்கும் சோற்றுக்கும் அது போதும். மூன்றாவது ஆசையை மட்டும் அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்; அதற்கு வேறு வழி சொல்கிறேன்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமம் எனக்கு. அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவதும், கரையில் உடைப்பு வருகிறதா என்று ராத்திரியில் டார்ச் விளக்கோடு நடந்து பார்ப்பதும் அவர் வேலை. அப்படி நடந்த மனிதர் கடைசி நான்கு வருடங்கள் சக்கர நாற்காலியில் இருந்தார். அவரை ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் தப்பாகப் போய்க் கற்றுக்கொண்டது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முடியாதவர்களை அழைத்துப் போகிறவர்கள் எல்லோரும் "எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். டெல்டாவில் அது இரண்டாவது கேள்வி. இங்கே நிலம் பலகை போல இருக்கும். தூரம் யாரையும் கொல்லாது. கொல்வது கரை. எங்கள் ஆறுகள் பள்ளத்தில் ஓடுவதில்லை. இரண்டு பக்கமும் மண் கரை எழுப்பி, வயலைவிட உயரமாகப் பார்த்துத்தான் ஆற்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வயல் பக்கத்திலிருந்து வந்தால் ஆறு கண்ணுக்கே தெரியாது. கரை ஏறினால்தான் தண்ணீர் தெரியும். அந்த ஏற்றம் எட்டடி, பத்தடி இருக்கும்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு நம் நாட்டு விதி, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். எட்டடிக் கரைக்கு 96 அடி நீளச் சாய்தளம் வேண்டும். எந்தக் கிராமத்துக் கரையிலும் அப்படி ஒன்று கிடையாது. மாட்டு வண்டி ஏறுவதற்காக வெட்டிய வழிதான் இருக்கும். அது இதைவிடப் பல மடங்கு செங்குத்து. ஏறும்போதாவது இரண்டு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். இறங்கும்போதுதான் நாற்காலி உங்கள் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்.

ஆகவே தேர்வு சுலபம். எந்த இடத்தில் காரே கரையின் மேல்மட்டத்துக்கு வந்து நிற்கிறதோ, அந்த இடம். தூரத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இரண்டாவது சங்கடம் படித்துறை. காவிரிக் கரை என்றாலே எல்லோருக்கும் படித்துறைதான் ஞாபகம் வரும். திருவையாற்றில் புஷ்ய மண்டபத் துறை, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் என்று எத்தனையோ அழகான துறைகள் இருக்கின்றன. பார்க்க அழகு, முழங்காலுக்கு எமன். படியின் உயரம் சீராக இருக்காது. தண்ணீர் தொடும் கடைசி இரண்டு மூன்று படிகளில் பாசி படிந்திருக்கும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருந்தாலும் அது இரண்டாள் தூரத்தில் இருக்கும். ஒரு முறை அப்பாவை ஒரு படித்துறையின் ஓரமாக, மணல் பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தேன். முன் சக்கரம் சிறியது அல்லவா, ஒரு சாண் ஆழத்துக்கு மணலில் புதைந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குளித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் ஈரத் துண்டோடு ஓடிவந்து நாற்காலியோடு தூக்கிக் கரையில் வைத்தார்கள். "ஆற்று மணலில் மாடே முழங்கால் போட்டுவிடும், நீ சைக்கிள் சக்கரத்தைக் கொண்டுவருகிறாய்" என்றார் அப்பா. அன்றிலிருந்து காரின் டிக்கியில் இரண்டு கோணிச் சாக்குகள் வைத்திருக்கிறேன். மணலோ சேறோ வந்தால் சாக்கை விரித்து, நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னே போகும்படி பின்னோக்கி இழுக்க வேண்டும். பத்தடி தூரத்துக்கு இது உதவும். அதற்கு மேல் உதவாது.

சரி, கல்லணைக்கு வருவோம்.

தஞ்சாவூரிலிருந்து பூதலூர் வழியாகவும் போகலாம், திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி வழியாகவும் போகலாம். அம்மாவுக்காகத் திருவையாற்று வழியைச் சொல்வேன். சற்றுச் சுற்றுதான். ஆனால் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஐந்து பாலங்கள் வரும்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஊருக்கு ஐயாறு என்று பெயர் வந்த கதையைக் காரில் உட்கார்ந்தபடியே விரல் விட்டு எண்ணிவிடலாம். நடக்க முடியாதவர்களுக்குக் காரின் ஜன்னல்தான் பாதிச் சுற்றுலா. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு பாலத்திலும் டிரைவரிடம் சொல்லி மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

திருவையாற்றில் அசோகா வாங்கிக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பில் செய்கிற இனிப்பு. சூடாகக் கட்டித் தருவார்கள். நெய் வழியும், மடியில் வைக்காதீர்கள்.

திருக்காட்டுப்பள்ளியில்தான் குடமுருட்டி காவிரியிலிருந்து பிரிகிறது. அதைத் தாண்டி மேற்கே போனால் ஆறும் வாழையும் மாறி மாறி வரும். கல்லணையில் கார் மதகுகளின் மட்டத்துக்கே போய்விடுகிறது. படி இல்லை, கரையேற்றம் இல்லை. இறங்கினால் காலடியில் சமதளம். முக்கியமானது இதுதான், வரலாறெல்லாம் பிறகு.

மதகுகளின் மேல் அமைந்த பாலங்கள்தான் உங்கள் நடைபாதை. தெற்கிலிருந்து வடக்காக வரிசை இது: கல்லணைக் கால்வாய் (எங்கள் ஊரில் புது ஆறு என்போம்), வெண்ணாறு, காவிரி, கொள்ளிடம். நான்கையும் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பாதீர்கள். வெண்ணாற்றுப் பாலத்தில் பாதி, காவிரிப் பாலத்தில் பாதி நடந்தால் போதும். வாக்கரோடு நடப்பவருக்கு நூறு மீட்டர் என்பது ஒரு நல்ல நடை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஒருவர் வரட்டும்; அம்மா நிற்கிற இடத்தில் நாற்காலி இருக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான், அந்த மூலை வரை வந்துவிடுங்கள்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். போன தூரம் திரும்பியும் வர வேண்டும் என்பதை முடியாதவர்கள் மறப்பதில்லை. அவர்களை அழைத்துப் போகிறவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

பாலத்தின் மேற்குப் பக்கம் நின்றால் தேங்கி நிற்கும் காவிரி, ஓசையில்லாமல், குளம் மாதிரி. கிழக்குப் பக்கம் வந்தால் அதே தண்ணீர் ஷட்டருக்கு அடியில் பீறிட்டு வெள்ளையாகக் கொதிக்கும். சத்தத்தில் பேச்சு கேட்காது. முகத்தில் சாரல் தெளிக்கும். இரண்டு கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் சில அடி தூரம்தான்; அதற்குள் ஆறு இரண்டு குணம் காட்டிவிடுகிறது. சாரல் படும் கிழக்குப் பக்கத்தில் அம்மாவை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். நுரைக்கு மேலே செம்பருந்து வட்டமிடும். நீர்க்காகம் கல்லில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய வைக்கும். மதகைத் தாண்டி மயங்கி வரும் மீனுக்காகக் கொக்குகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு எந்த ஷட்டர் எத்தனை அடி திறந்திருக்கிறது என்று தெரியும் என்பார் அப்பா.

அவரை அங்கே அழைத்துப் போன அன்று அவர் பறவையையும் பார்க்கவில்லை, நுரையையும் பார்க்கவில்லை. ஷட்டரை ஏற்றும் திருகுத் தண்டில் கையை வைத்து, விரலில் ஒட்டிய கிரீஸை முகர்ந்து பார்த்தார். கெட்டியாகிவிட்டது, மாற்றவில்லை என்றார். பிறகு சுவரில் வண்ணமடித்த அளவுகோலைக் கண்ணைச் சுருக்கி வாசித்து, ஒரு எண்ணைச் சொன்னார். யாரிடம் சொன்னாரோ தெரியவில்லை. இருபது வருடங்களுக்கு முன்பு அந்த எண்ணை அவர் டெலிபோனில் மேலதிகாரிக்குச் சொல்லியிருப்பார்.

அணையைப் பற்றி இரண்டு வார்த்தை. அம்மாவுக்குச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா. கரிகால் சோழன் கட்டியது, சுமார் 2000 ஆண்டுகள் பழமையானது என்பது எல்லோருக்கும் தெரியும். யானை மேல் அவன் அமர்ந்திருக்கும் மணிமண்டபமும் அங்கேயே இருக்கிறது. ஆனால் வருகிறவர்களில் பலரும் ஷட்டரும் கம்பியுமாக நிற்கிற பாலத்தைக் காட்டி, இதுவா கரிகாலன் கட்டியது என்று ஏமாந்துபோவார்கள். அது இல்லை. மதகும் ஷட்டரும் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிப் பிறகு வந்தவை. கரிகாலனுடையது சுமார் 1080 அடி நீளத்தில், பாம்பு போல வளைந்து, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் கல் அணை. ஆற்று மணலில் அஸ்திவாரம் தோண்டவே முடியாது. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். அவர்கள் தோண்டவே இல்லை. பாறையைக் கொண்டுவந்து போட்டார்கள். ஓடும் தண்ணீரில் கால் வைத்து நின்றால் பாதத்துக்கு அடியில் மணல் அரிந்து கால் உள்ளே போகும் இல்லையா? பாறையும் அப்படித்தான் தன் கனத்தில் தானே இறங்கும். அதன் மேல் களிமண் பூசி அடுத்த பாறை. அதுவும் இறங்கும். இனி இறங்காது என்ற இடத்தில் அணை நின்றது.

1829 வாக்கில் இங்கே வந்த ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் இதைப் பார்த்துத்தான் மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கற்றுக்கொண்டதாகத் தானே எழுதியிருக்கிறார். பிற்பாடு கோதாவரியில் தவளேசுவரம் அணையை அந்த முறையில்தான் எழுப்பினார். அதற்கு முன் இங்கே அவருக்கு வேறு தலைவலி இருந்தது. கொள்ளிடம் தாழ்வாகவும் சரிவாகவும் ஓடுவதால் தண்ணீர் அதன் பக்கமே சாயும். காவிரியிலோ மணல் ஏறி மேடாகிக்கொண்டே வந்தது. அதற்காகக் கல்லணையில் மணற்போக்கிகள் வைத்தார். மேற்கே கொள்ளிடம் பிரியும் இடத்தில் 1836இல் மேலணை கட்டினார். அந்த மேலணைதான் முக்கொம்பு. அங்கேயும் வருகிறேன்.

புது ஆறு மட்டும் நம் தாத்தா காலத்தது. மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டம், 1934. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தண்ணீர் போனது அதனால்தான். உங்கள் அம்மா பட்டுக்கோட்டைப் பக்கத்தவர் என்றால் இந்த மதகுக்கு முன்னால் சற்றுக் கூடுதலாக நிற்பார்.

எப்போது போவது என்பது இடத்தைவிட முக்கியம். திருமணத் தேதியை நீங்கள் சொல்லவில்லை. ஆகவே வருடத்தையே சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். ஜனவரி 28 அன்று மூடுவார்கள். தண்ணீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாட்கள். இங்கே அதிகாரிகளும் விவசாயிகளும் பூவும் நெல்லும் தூவி மதகைத் திறப்பார்கள். மாசியிலிருந்து வைகாசி வரை வந்தால் நீங்கள் பார்க்கப்போவது மணல். மணலும் ஒரு அழகுதான், ஆனால் காவிரி பார்க்க வந்த அம்மாவுக்கு அதைக் காட்டி மனத்தைக் கஷ்டப்படுத்த வேண்டாம். தண்ணீர் குறைந்த வருடங்களில் முறை வைத்து விடுவார்கள். சில நாள் காவிரியில், சில நாள் வெண்ணாற்றில். அன்றைக்குக் காவிரி மதகு மூடியிருந்தால் ஏமாற வேண்டாம். வெண்ணாற்றில் ஓடுவதும் காவிரித் தண்ணீர்தான்.

எனக்குப் பிடித்த காலம் தை. குளிர் விட்டிருக்காது, மழை விட்டிருக்கும். வழியெல்லாம் சம்பா அறுவடைக்குப் பழுத்து நிற்கும். தண்ணீரும் இருக்கும். ஆனால் காணும் பொங்கல் அன்று வந்துவிடாதீர்கள். ஆடிப்பெருக்கு அன்றும் வேண்டவே வேண்டாம். ஆடி 18 அன்று கல்லணை திருவிழா. வாக்கர் வைக்க இடமிருக்காது. உங்கள் அம்மா சின்ன வயதில் பார்த்த ஆடிப்பெருக்கைத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. புது மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்து ஆற்றுக்குப் படைத்துவிட்டு, சித்திரான்னங்களைக் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவது. அதைத் தேதி பார்க்காமல் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் செய்தால் காவிரி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நாளில் எந்த நேரம்? காலை ஏழரைக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள், அல்லது மாலை மூன்றரைக்கு மேல் போங்கள். பாலத்தின் மேல் நிழல் கிடையாது. பதினோரு மணி வெயிலில் கைப்பிடிச் சுவரைத் தொட முடியாது.

நடந்து முடித்ததும் மதகை ஒட்டிய பூங்காவில் மரநிழல் பார்த்து உட்காருங்கள். தரையில் உட்காரும் ஆசை அம்மாவுக்கு வரும். விடாதீர்கள். ஜமுக்காளத்தில் உட்காருவது சுலபம்; எழுப்புவதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிடும். மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுபோங்கள், கை வைத்தது. கை இல்லாத ஸ்டூல் முழங்கால் வலிக்காரருக்கு உதவாது. ஊன்றி எழ ஏதாவது வேண்டும். மற்றவர்கள் சுற்றிலும் ஜமுக்காளத்தில் உட்காரலாம். அம்மா உயரத்தில் இருந்துகொண்டு உங்கள் எல்லோருக்கும் பரிமாறட்டும். எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது, சண்டையும் வரவில்லை.

கட்டுச்சோற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் அக்காவே என்னைச் சும்மா விடமாட்டாள். புளியோதரையை முதல் நாள் ராத்திரியே கிளறி வைத்துவிடுங்கள். நல்லெண்ணெய் கஞ்சத்தனம் பண்ணாமல். மறுநாள்தான் புளி சோற்றில் இறங்கும். தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து, பாலை நிறையவும் தயிரைக் கரண்டியளவும் விட்டால், மதியம் திறக்கும்போது புளிக்காமல் சரியாக உறைந்திருக்கும். டப்பாவில் போடாமல் வாழை இலையில் கட்டுங்கள். இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். அடுப்புத் தணலில் முதுகுப் பக்கத்தை ஒரு முறை காட்டி வாட்டினால், பளபளப்பு மாறிக் கரும்பச்சையாகி, துணி மாதிரி மடங்கும். அந்த வாட்டிய இலையின் வாசனை சோற்றில் ஏறும். தொட்டுக்கொள்ள மாவடு, பருப்புத் துவையல். வடகம் நமத்துப்போகும், விட்டுவிடுங்கள். அங்கே பொரித்த மீன் விற்பார்கள். கட்டுச்சோறு கொண்டுவந்தவர்களும் அந்த வாசனைக்கு வாங்கத்தான் செய்கிறார்கள். முள் பார்த்துக் கொடுங்கள்.

சாப்பாட்டுக் கட்டைப் பிரித்தவுடன் நாய்கள் வரும், காகம் வரும். முதல் உருண்டையைக் காகத்துக்குத் தள்ளி வைத்துவிட்டால் ஒரு பக்கம் ஒப்பந்தம் ஆகிவிடும். நாயோடு ஒப்பந்தம் கிடையாது. வாக்கரை அம்மாவின் கைக்கு எட்டும்படி வையுங்கள்.

கழிப்பறை விஷயத்தில் மட்டும் கூச்சப்படாமல் திட்டமிடுங்கள். சுற்றுலா இடத்துக் கழிப்பறையில் வாசலில் ஒரு படி, உள்ளே ஈரத் தரை, பிடிக்கக் கம்பி இல்லை என்றே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். தங்கும் இடத்திலேயே முடித்துக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்குள் திரும்பும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பழக்கம் நம் அம்மாக்களுக்கு உண்டு. கேட்டால் தாகமில்லை என்பார்கள். நம்பாதீர்கள்.

பக்கத்தில் கோவிலடி இருக்கிறது. அப்பக்குடத்தான் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தினமும் ராத்திரி பெருமாளுக்கு அப்பம் படைப்பார்கள். ஆனால் மேட்டுக் கோயில், படியேற வேண்டும். கீழே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

முக்கொம்பு பற்றியும் கேட்பீர்கள். திருச்சியில் தங்கியிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஊரிலிருந்து கரூர் சாலையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் தலைப்பு. பூங்கா பெரியது, மரநிழல் கல்லணையைவிட அதிகம், பாலத்தில் சமதள நடை. 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடம் பக்கத்து மதகில் ஒன்பது ஷட்டர்கள் இடிந்து போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காட்டன் காலத்துக் கட்டுமானம், 182 ஆண்டுகள் நின்றது. அதற்குப் பதிலாகப் பக்கத்திலேயே புதிய கதவணை கட்டிவிட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கம் தீவில் மேலூரில் 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் முழங்காலுக்கு இதமான இடம்தான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில், சுமார் 25 ஏக்கர். பாதை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கூட வந்தால் அதுவே நல்லது. ஆனால் அங்கே ஆறு கண்ணில் படாது. உங்கள் அம்மா கேட்டது ஆறு.

தஞ்சாவூருக்குப் பக்கத்திலேயே கூட்டமில்லாமல் வேண்டும் என்றால் தென்பெரம்பூர் இருக்கிறது. வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் பிரியும் இடம். அங்கே மதகு, மரம், தண்ணீர்ச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. நான் தனியாகப் போவேன். வாக்கரோடு வருபவரை அழைத்துப் போக மாட்டேன்.

இனி அந்த மூன்றாவது ஆசை.

கல்லணையில் தண்ணீரில் இறங்கக் கூடாது. அம்மா மட்டுமல்ல, நீச்சல் தெரிந்த நீங்களும்தான். மதகுக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து குடைந்த பள்ளங்கள் இருக்கும். மேலே முழங்கால் ஆழம் மாதிரி தெரியும், அடியில் சுழல். மேலிருந்து ஒரு ஷட்டரைக் கூடுதலாக ஏற்றினால் நீங்கள் நின்ற கல் கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கும். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு. ஒவ்வொரு வருடமும் சுற்றுலா வந்தவர்கள் இங்கே தண்ணீரில் உயிரை விடுகிறார்கள். ஷட்டர் போட்டுவிட்டுப் பிணம் தேடிய ராத்திரிகளைப் பற்றி அப்பா ஒரு முறைதான் பேசியிருக்கிறார்.

ஆகவே திரும்பும்போது திருவையாற்றில் நிறுத்துங்கள். காரைப் படித்துறைக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து, அம்மாவை இருக்கையில் திரும்பி உட்கார்ந்து காலை வெளியே போடச் சொல்லுங்கள். ஒரு அகலமான தாம்பாளமும் பெரிய சொம்பும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருப்பீர்கள். வீட்டில் காலுக்கு வலுவுள்ள யாராவது இறங்கிப்போய், பாசிப் படிக்கு இரண்டு படி மேலேயே நின்று குனிந்து, சொம்பை நிறைத்துக்கொண்டு வரட்டும். தாம்பாளத்தில் அம்மாவின் காலை வைத்து ஊற்றுங்கள். ஒரு சொம்பு போதாது. அப்பாவுக்கு நான் நான்கு முறை இறங்கி ஏறினேன். மூன்றாவது சொம்பில் ஒரு சின்னக் கெண்டைக்குஞ்சு வந்துவிட்டது. தாம்பாளத்தில் அவர் கட்டைவிரலைச் சுற்றி ஓடியது. அதைக் கொண்டுபோய் விடுவதற்காகத்தான் நான்காவது முறை இறங்கினேன்.